பனிவெளிக்கு மூட்டை கட்டியவர்

நெடுவழி செல்வோருக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பது நம் இல்லங்களிற் பழைய வழக்கம். சோற்றைப் புளியிட்டுப் பிசைந்து, வாழையிலையிற் பொதிந்து, தண்ணீருக்கு ஒரு செம்பும் உடன் வைத்து வழிவிடும் தாய்மார், செல்லும் தூரத்தை மனத்தால் அளந்தே பொதியின் பருமனை நிச்சயிப்பர். கூடினாற் சுமை, குறைந்தாற் பசி. இவ்வளவை அறிந்தவரே பயணம் அறிந்தவர் ஆவர்.

பயணத்தின் அருமையை நன்குணர்ந்த நம் சங்கப் புலவர், ஆற்றுப்படை என ஓர் இலக்கிய வகையையே வகுத்தனர். முன்னே சென்று பரிசில் பெற்று மீண்டவன், பின்னே செல்பவனை எதிர்ப்பட்டு, வழியின் இயல்பையும் தங்குமிடங்களையும் ஆங்காங்கே கிடைக்கும் உணவையும் எடுத்துரைத்து ஆற்றுப்படுத்துவது அதன் அமைப்பு. ஆயின், முன்னே சென்று மீண்டவர் ஒருவரும் இல்லாத வழிக்கு ஒருவன் எவ்வாறு ஆயத்தஞ் செய்வது? எதை எடுப்பது? எதை விடுவது? யாரை உடன் அழைப்பது?

இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் நோர்வே நாட்டுப் பேரறிஞர் பிரித்யோவ் நன்சன். கிறீன்லாந்தின் உட்பனிவெளியை முதன்முதற் குறுக்கே கடந்தவர் என்றும், வடதுருவத்தை நோக்கி அதுவரை எவரும் எட்டாத எல்லை வரை சென்றவர் என்றும், 1922ஆம் ஆண்டுக்குரிய சமாதான நோபல் பரிசைப் பெற்றவர் என்றும் அவரை உலகம் அறியும். வெற்றி பெற்ற நாளை எவருங் கொண்டாடுவர். அந்நாளுக்காக விழித்திருந்த இரவுகளைப் பற்றிக் கேட்பார் அரியர். ஆதலின், நன்சன் சென்ற தூரத்தைப் பார்க்கிலும், செல்வதற்கு முன் அவர் செய்த ஆயத்தத்தைப் பற்றியே இங்குச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

இளமைப் பயிற்சி

இக்காலத்தில் ஒஸ்லோ என வழங்கும் கிறிஸ்தியானியா நகரின் புறத்தே, 1861ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 10ஆந் திகதி நன்சன் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், ஒழுக்கத்திற் கண்டிப்பானவர். தாயார் உயர்குடிப் பெண்மணியாயினும், பெண்டிர் செய்தற்கு ஒவ்வாது என அக்காலத்தோர் கருதிய பனிச்சறுக்கு விளையாட்டில் விருப்பமுடையவர். தந்தையாரிடமிருந்து ஒழுங்கையும் தாயாரிடமிருந்து வெளியுலக நாட்டத்தையும் மைந்தர் பெற்றார் என்னலாம்.

வீட்டின் பின்னே பெருங் காடு பரந்து கிடந்தது. சிறுவராயிருந்தபோதே அவர் அக்காட்டுட் புகுந்து, ஆற்றில் மீன் பிடித்துச் சுட்டுண்டு, மரத்தடியிற் படுத்துறங்கிப் பல நாள்களைத் தனியே கழிப்பதுண்டு. வேண்டாத பொருள் முதுகிற் சுமையாகும் என்பதையும், வேண்டிய பொருளை மறந்தால் இரவு நீளும் என்பதையும் அவர் கற்ற முதற் பள்ளிக்கூடம் அதுவே.

சர்வகலாசாலையில் விலங்கியல் பயின்ற அவர், 1882இல் கடல்நாய் வேட்டைக்குச் சென்ற ஒரு கப்பலில் வடகடலைக் காணச் சென்றார். கிறீன்லாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் அக்கப்பல் பனிக்கட்டிகளிடையே சிக்குண்டு பல நாள் அசையாது நின்றது. தூரத்தே, மாந்தர் அடிபடாத அந்நிலத்தின் மலைமுடிகள் வெயிலில் ஒளிர்ந்தன. அக்காட்சி அவர் உள்ளத்தைவிட்டு நீங்கவில்லை. அவ்வாண்டே பேர்கன் நகர நூதனசாலையிற் பொறுப்பாளராக அமர்ந்து, நுணுக்குக்காட்டியின் முன் சிற்றுயிர்களின் நரம்பமைப்பை ஆராயத் தொடங்கினார்.

1883இல் ஒரு மாலைப்பொழுது, புதினப்பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிக்க நன்சன் கேட்டுக்கொண்டிருந்தார். சுவீடன் நாட்டு ஆய்வாளர் நோர்டன்ஸ்கியோல்ட் கிறீன்லாந்துப் பனிவெளியின் உட்பகுதிக்குச் சென்று மீண்ட செய்தி அதில் வந்திருந்தது. அவருடன் சென்ற, சாமி எனப்படும் வடபுலக் குடியினர் இருவர், பனிச்சறுக்குப் பலகைகளின் துணையால் நெடுந்தூரம் சென்று திரும்பினர் என்பதும் அதிற் காணப்பட்டது. பனிச்சறுக்குப் பலகையே அவ்வெளியைக் கடக்குங் கருவி என்னும் எண்ணம் அக்கணமே அவர்க்கு உதித்தது. ஆயினும் உடனே புறப்பட்டாரல்லர். இடையே நான்காண்டு சென்றது. 1884ஆம் ஆண்டின் குளிர்காலத்திற் பேர்கனுக்கும் கிறிஸ்தியானியாவுக்கும் இடைப்பட்ட உயர்மலைகளைப் பனிச்சறுக்குப் பலகையிற் கடந்து தம் உடலின் வலிமையைச் சோதித்தார். உள்ளத்தில் எழும் ஆசைக்கும் உடல் அதற்குத் தகுதி பெறுதற்கும் இடையிலுள்ள காலத்தைப் பொறுமையோடு கடப்பதும் ஆயத்தத்தின் ஒரு கூறன்றோ?

திசையைத் தெரிதல்

நன்சனுக்கு முன் அப்பனிவெளியைக் கடக்க முயன்றோர் மேற்குக் கரையினின்றே புறப்பட்டனர். அங்கேதான் குடியிருப்புக்கள் இருந்தன. கப்பல்கள் வந்து சென்றன. ஆயின், அவர்கள் கிழக்குக் கரையை அடைந்தாலும் அங்கே உதவியில்லை. வந்த வழியே மீள வேண்டும். தூரம் இருமடங்காகும், உணவுச் சுமையும் இருமடங்காகும். நன்சன் இக்கணக்கைத் தலைகீழாக மாற்றினார். ஆளரவம் அரிதான கிழக்குக் கரையில் இறங்கி, குடியிருப்புள்ள மேற்கை நோக்கிச் சென்றால், வழி ஒருமுறை கடந்தாற் போதும். அன்றியும், முன்னேயுள்ள ஊரே உயிர்ப்புகல் ஆதலின், பின்வாங்கும் எண்ணம் எவர்க்கும் எழாது.

இத்திட்டத்தை அவர் வெளியிட்டபோது அறிஞர் பலர் அதனைப் பித்தர் செயல் என்றனர். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. நோர்வே அரசாங்கத்திடம் அவர் வேண்டியது 5000 குரோணர் மட்டுமே, அதுவும் மறுக்கப்பட்டது. கொப்பன்ஹேகன் நகர வணிகர் ஒருவர் அத்தொகையை உவந்தளித்தார்.

இவ்விடத்திலே நாம் ஒன்றை மறைத்தல் ஆகாது. திரும்பும் வழியைத் தானே அடைத்துக்கொள்பவன் தன் உயிரைப் பணயம் வைக்கலாம். உடன் வருவோர் உயிரையும் வைக்கலாமா? நன்சன் மீது அன்று சாட்டப்பட்ட குற்றங்களுள் நியாயமானது இதுவே. அவரும் இதனை உணர்ந்தேயிருந்தார் என்பதை அவர் செய்த ஆயத்தம் காட்டும். மீளும் வழியில்லாத பயணத்தில், தலைவன் கட்டும் மூட்டையே உடன் வருவோர்க்குக் காப்பாகும்.

மூட்டையின் கணக்கு

முதலிற் சறுக்கு வண்டி. முன்னோர் கொண்டு சென்றவை பாரமானவை. ஒடுங்கிய அடிக்கட்டை உடையவை. ஆதலின் மென்பனியிற் புதைந்தன. நோர்வே உழவர் பனிக்காலத்தில் வழங்கும் எளிய வண்டியை மாதிரியாகக் கொண்டு, அகன்ற அடிப்பலகைகளுடன் புதியதொன்றை நன்சன் அமைத்தார். வைரமான ‘ஆஷ்’ மரத்தாற் செய்து, இணைப்புக்களை ஆணியால் அறையாது வாரினாற் கட்டினார். ஆணி அறைந்தது அதிர்ச்சியில் உடையும்; கட்டியது வளைந்து கொடுக்கும். ஒரு வண்டியின் எடை ஏறத்தாழ 13 கிலோகிராம் அளவே. இத்தகைய வண்டிகள் 5 செய்யப்பட்டன. இழுக்க நாயோ துருவ மானோ கிடைக்குமாவென முயன்றும் பயன் கிட்டாமையால், மனிதரே இழுப்பதென முடிவாயிற்று. அவ்வாறாயின் ஒவ்வோர் இறாத்தலும் ஒருவன் தோளில் ஏறும். எனவே ஒவ்வொரு பொருளும் நிறுக்கப்பட்டது.

அடுத்தது உறைவிடம். ஆறுபேருக்கு ஒரே கூடாரம். அதன் தரைவிரிப்பு, காற்று வாய்க்கும்போது வண்டிக்குப் பாயாகவும் பயன்படத் தக்கது. படுக்கைக்குத் துருவ மான் தோலாலான துயிற்பைகள் இரண்டு. ஒன்றில் மூவர் படுத்துறங்குவர். தனித்தனிப் பையாயின் எடையும் மிகும். ஒருவர் உடற்சூடு மற்றவர்க்கு உதவவும் மாட்டாது. உடைகளோ பெரும்பாலும் கம்பளி. மேலே காற்றுப் புகாத துணியாடை. பனியின் ஒளி கண்ணைக் குருடாக்கும் ஆதலிற் கருங்கண்ணாடிகள்.

பின்னர் அடுப்பு. பனிவெளியில் எங்கும் நீரே உறைந்து கிடந்தாலும், எரிபொருள் இன்றேல் ஒரு மிடறு தண்ணீரும் இல்லை. உணவு வேகும் கலத்தினின்று வீணே வெளியேறும் வெப்பம், அதே வேளையிற் பனியை உருக்குமாறு, கலத்தின்மேற் கலமாக ஒரு ஸ்பிரிற்று அடுப்பை நன்சன் அமைத்தார். பிற்காலத்தில் துருவப் பயணிகள் பலர் கைக்கொண்ட அடுப்பு அதுவே. அவர் பெயராலேயே வழங்குவது. அடுப்பில் எரிக்க ஸ்பிரிற்றைக் கொண்டு சென்ற அவர், குடிப்பதற்கென மதுவகை எதனையும் கொண்டுசெல்ல இசையவில்லை. கடுங்குளிரில் மது உடலைத் தளர்த்தும் என்பது அவர் துணிபு.

இவற்றை வீட்டில் வைத்து வியந்துகொண்டிருக்கவில்லை. பேர்கன் நகரையடுத்த மலையிற் குளிர்காலத்து இரவில் துயிற்பையிற் படுத்து, அது காக்குமோ காவாதோ எனத் தம் உடலையே வைத்துச் சோதித்தார். தாம் படுத்துப் பாராத பையிற் பிறரைப் படுக்க வைத்தல் தகாது என்பது அவர் கருத்துப் போலும்.

உடன் சென்றோர் ஐவர். கப்பலோட்டியாகிய ஒட்டோ சுவெர்ட்ரூப், படையலுவலர் ஒலுவ் டீட்ரிக்சன், உழவர் மகனாகிய கிறிஸ்தியன் திரானா என்போர் நோர்வேயர். துருவ மான் கொண்டுசெல்லும் எண்ணம் முதலில் இருந்தமையாற் சாமி இனத்தார் இருவரையும் நன்சன் வருவித்தார். சாமுவேல் பால்ட்டோ இளைஞர். ஒலே ராவ்னாவோ நாற்பதைக் கடந்தவர். மனைவியும் மக்களும் உள்ளவர். மணமாகாதவரே வேண்டுமென நன்சன் எழுதியிருந்தும் அவரே வந்து சேர்ந்தார். வழியில், நீவிர் உயிரோடு மீளமாட்டீர் எனப் பலர் கூறக்கேட்டு அவ்விருவரும் அஞ்சினர். கூலிக்கு வந்தவர் அஞ்சினர் என இகழ்தல் எளிது. வீட்டில் தன்னை எதிர்நோக்கும் வாய்களை எண்ணி அஞ்சுபவனை இகழ நமக்கு வாய் எழவில்லை.

இத்தனைக்கும் நடுவே, நரம்பமைப்புப் பற்றிய தம் ஆராய்ச்சியுரையையும் நன்சன் எழுதி முடித்தார். 1888 ஏப்பிரில் 28ஆந் திகதி சபைமுன் அதனை நிலைநாட்டிக் கலாநிதிப் பட்டத்துக்குரியவரானார். சில நாள்களுள் பயணம் புறப்பட்டார்.

அளந்ததும் தவறியதும்

1888 யூலை 17ஆந் திகதி, கிழக்குக் கரையை அண்மியபோது, அறுவரும் இரு படகுகளிற் கப்பலினின்று இறங்கினர். கரை அருகிலேயே தோன்றிற்று. ஆயின் பனிக்கட்டிகள் படகொன்றை உடைத்தன. நீரோட்டம் அவர்களைத் தெற்கே இழுத்துச் சென்றது. மிதக்கும் பனித்திடலிற் கூடாரமடித்து, இரவிற் கட்டி பிளக்கும் ஒலியைக் கேட்டுக் கிடந்தனர். யூலை 29ஆந் திகதி, நினைத்த இடத்துக்கு மிகத் தெற்கே, கரையேறினர். ஓய்ந்திராது கரையோரமாக வடக்கே துடுப்பு வலித்து, ஓகஸ்ட் 15ஆந் திகதி பனிமலையில் ஏறத் தொடங்கினர். பயணத்துக்குரிய நல்ல கோடைகாலத்தில் ஒரு மாதம் வீணாகிவிட்டது.

இங்கேதான் ஆயத்தத்தின் மற்றொரு முகம் தோன்றுகின்றது. முதலில் எண்ணிய ஊர் வடமேற்கே கிறிஸ்தியான்ஸ்ஹோப். புயலும் காலத்தாழ்வும் கண்ட நன்சன், அதனை விட்டு, அண்மையிலுள்ள கொட்ஹோப்பை நோக்கித் திசை மாற்றினார். திட்டத்தை வகுத்தவனுக்கே அதனை மாற்றும் துணிவும் வேண்டும். திட்டம் உயிரைக் காப்பதற்கு; உயிர் திட்டத்தைக் காப்பதற்கன்று.

2700 மீற்றருக்கு மேற்பட்ட உயரம் வரை ஏறினர். இரவின் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையையுங் கடந்தது. தண்ணீர்த் தாகம் வாட்டியது. தகரக் குப்பிகளிற் பனியை அடைத்து மார்பில் அணைத்து, உடற்சூட்டில் உருகிய சிறிது நீரைப் பருகினர். செப்ரெம்பர் 19ஆந் திகதி கிழக்கிலிருந்து வீசிய காற்றுக்கு வண்டிகளை இணைத்துப் பாய் விரித்தோடினர். அன்றே மேற்கில் நிலம் தோன்றிற்று. பால்ட்டோவும் ராவ்னாவும் அடைந்த உவகையை நாம் உய்த்துணரலாம்.

ஆயினும் நன்சனின் கணக்கில் ஒரு பிழை இருந்தது. முக்கிய உணவாகிய ‘பெமிக்கன்’ என்னும் உலர்ந்த இறைச்சிக் கட்டியைக் கொப்பன்ஹேகனில் ஒருவரிடம் செய்விக்கக் கொடுத்திருந்தார். குளிர்நாட்டுப் பயணிக்கு வேண்டிய கொழுப்பு அதில் முற்றாக நீக்கப்பட்டிருந்தது. மாற்றிச் செய்விக்கக் காலமில்லாத வேளையிலேதான் அது தெரியவந்தது. வயிறு நிறைந்தும் பசி தீராத கொடுமையை அறுவரும் வாரக்கணக்காக அனுபவித்தனர். பங்கிட்ட வெண்ணெய் போதவில்லை. பாதணிக்குப் பூசும் எண்ணெயை உண்டாற் கேடு வருமா எனச் சுவெர்ட்ரூப் வினவும் அளவுக்கு அப்பசி மிகுந்தது. வண்டியின் கட்டையும் துயிற்பையின் தோலும் நன்சன் தம் கையாற் சோதித்தவை, அவை பிழைக்கவில்லை. சோதியாமற் பிறர் பொறுப்பில் விட்ட ஒன்றே பிழைத்தது. மாணவர் ஊன்றி நோக்கத் தக்க இடம் இது.

மேற்குக் கரையில் இறங்கியபோதும் கொட்ஹோப்புக்கும் அவர்களுக்கும் இடையே கடல்நீர் கிடந்தது. படகில்லை. கூடாரத்தின் அடித்துணியை மேற்பரப்பாகவும் வில்லோக் கொம்புகளையும் மூங்கிலையும் விலாவாகவுங் கொண்டு ஒரு சிறு படகைத் தைத்தனர். அதில் நன்சனும் சுவெர்ட்ரூப்பும் புறப்பட்டு, ஒக்ரோபர் 3ஆந் திகதி ஊரை அடைந்தனர். மற்றை நால்வரும் அம்மாதம் 12ஆந் திகதி அழைத்துவரப்பட்டனர். ஒருவரும் இறந்திலர். ஆண்டின் கடைசிக் கப்பல் அவர்களை ஏற்றாமற் சென்றுவிட்டது; அவர்தம் கடிதத்தை மட்டும் கொண்டு சென்றது.

இதனை இடையூறென்று நன்சன் நொந்திருக்கவில்லை. அக்குளிர்காலம் முழுதும் கிறீன்லாந்துக் குடிமக்களின் குடில்களிற் புகுந்து, அவர்தம் தோற்படகை ஓட்டவும், அவர் உணவை உண்ணவும், அவர் மொழியைப் பேசவும் பழகினார். முன் சென்றவர் இல்லையென எண்ணி வந்தவர், குளிரோடு வாழும் கலையில் முன்னே சென்றவர் இவர்களே எனக் கண்டுகொண்டார். அவர்தம் வாழ்க்கையைப் பற்றிப் பின்னர் ஒரு நூலும் எழுதினார்.

கிறீன்லாந்தின் வடகிழக்குப் பெரும்பகுதி 1974ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்டது. உலகிலுள்ள தேசிய பூங்காக்களுள் மிகப் பெரியது அதுவே. நன்சன் சென்ற வழி அதற்குத் தெற்கேயுள்ளது. இன்று அப்பூங்காவினுள்ளோ உட்பனிவெளியிலோ பயணஞ் செய்ய விரும்புவோர் முன்கூட்டியே அரசாங்க அனுமதி பெறுதல் வேண்டும். ஆயத்தமின்றி வருவோரைத் தேடிச் செல்வோரும் உயிரிழக்க நேரலாம் ஆதலின், அக்கண்டிப்பு நியாயமானதே.

கற்றதைக் கைக்கொள்ளல்

அடுத்த பயணம் வடதுருவக் கடலுக்கு. முன்னொரு கப்பல் சைபீரியக் கரைக்கு அப்பால் நொறுங்க, அதன் சிதைவுகள் ஆண்டுகள் கழித்துக் கிறீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. உறைந்த கடலும் ஓடுகின்றது என்பதை இதனால் உணர்ந்த நன்சன், பனியோடு மோதாமற் பனியிலேயே உறைந்து மிதந்து செல்லும் கப்பலொன்றை எண்ணினார். கொலின் ஆர்ச்சர் என்னும் கம்மியர், பனி நெருக்குங்கால் நொறுங்காது மேலெழும்புமாறு உருண்ட அடியுடன் அதனைக் கட்டினார். ‘பிராம்’ என்னும் அக்கப்பலிற் பதின்மூவர், 5 ஆண்டுக்குரிய உணவுடன், 1893 யூன் 24ஆந் திகதி புறப்பட்டனர்.

கப்பல் துருவத்தைத் தொடாது என அறிந்ததும், நன்சனும் யோகான்சன் என்பாரும் நாய்கள் இழுக்கும் வண்டிகளுடன் நடந்து செல்லத் துணிந்தனர். 1895 பெப்ரவரியிற் புறப்பட்டபோது வண்டி உடைந்தது, மீண்டனர். மறுபடி புறப்பட்டனர், சுமை மிகுதியால் முன்னேற இயலவில்லை, மீண்டும் மீண்டனர். நாணாது பொதியைக் குறைத்து, மார்ச் 14ஆந் திகதி மூன்றாம் முறை புறப்பட்டனர். தொடங்கியபின் திரும்புவது இழுக்கென எண்ணியிருப்பாராயின், அவர் வரலாறு அங்கேயே முடிந்திருக்கும்.

ஏப்பிரிலில் வடக்கே 86 பாகைக்கும் அப்பாற் சென்று, பனிமேடுகள் தடுப்பக் கண்டு திரும்பினர். உணவு குறையக் குறைய நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்றை நாய்களுக்கு ஊட்ட நேர்ந்தது. அவ்வுயிர்கள் இன்றேல் அப்பயணம் இல்லை. இக்கொடுமை அவர் நெஞ்சை வருத்தியது. கடிகாரங்கள் நின்று போக, தாம் நிற்கும் இடத்தையே ஐயுற்றனர். பிரான்ஸ் யோசேப்பு நிலத்திற் கல்லடுக்கிக் குடில் அமைத்து, கரடியிறைச்சியும் வால்ரஸின் கொழுப்பும் உண்டு ஒரு நெடுங் குளிர்காலத்தைக் கழித்தனர். கிறீன்லாந்திற் கொழுப்பின்றி வாடியவர், இங்கே முன்னிலும் 10 கிலோகிராம் அளவு உடல் பெருத்திருந்தார்! 1896 யூன் 17ஆந் திகதி ஆங்கிலேயப் பயணியாகிய ஜாக்சனைத் தற்செயலாகச் சந்தித்து மீட்சி பெற்றனர். ஓகஸ்டில் ‘பிராம்’ கப்பலும் நலமே திரும்பிற்று. பதின்மூவரும் உயிரோடு வீடு சேர்ந்தனர். துருவம் தொடப்படவில்லையாயினும், இம்மீட்சியே பெருவெற்றியென்பது எம் கருத்து.

தென்துருவஞ் செல்லும் ஆசை அவர்க்கு இருந்தது. ஆயினும் தம் கப்பலை அமுண்ட்சனுக்குக் கொடுத்தார். அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14ஆந் திகதி தென்துருவத்தை அடைந்தார். தாம் எண்ணிய வழியிற் பிறரைச் செல்லவிட்டு நிற்பதும் எளிய செயலன்று.

ஒற்றைத் தாள்

முதலாம் உலக யுத்தம் முடிந்தது. போரிற் சிறைப்பட்டோர், ஊர் திரும்பும் வழியின்றி ருசியாவிலும் பிற நாடுகளிலும் வாடிக் கிடந்தனர். 1920இற் சர்வதேச சங்கம் அவர்களை மீட்கும் பணியை நன்சனிடம் ஒப்புவித்தது. அவரிடம் படையில்லை, பெரும் பணமும் இல்லை. எக்கப்பல் எத்துறைக்கு எத்தனை பேரை ஏற்றும், வழியில் உணவெவ்வளவு என்னும் பழைய கணக்கே கைகொடுத்தது. 1922ஆம் ஆண்டு முடிவதற்குள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தத்தம் வீடு சேர்ந்தனர்.

1921இல் ருசியாவிற் பெரும் பஞ்சம் வந்தது. அரசாங்கங்கள் கடன் தந்துதவ வேண்டுமென நன்சன் சங்கத்தின் முன் மன்றாடினார், அவை இசையவில்லை. பொதுமக்களிடம் கையேந்தி, ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றி நிதி சேர்த்தார்.

அதே காலத்தில் வேறொரு துன்பம் தோன்றிற்று. புரட்சிக்குப்பின் ருசியாவை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோரின் குடியுரிமையைப் புதிய அரசாங்கம் நீக்கிவிட்டது. பிறந்த நாடு தன் மக்களல்லர் என்றது. வந்த நாடு தன்னவரல்லர் என்றது. வேலை தேடி வேற்றூர் செல்லவோ, எல்லை கடந்து உறவினரைச் சேரவோ அவர்களிடம் ஒரு சான்றும் இல்லை. சோறும் கம்பளியும் இருந்தும் அசைய முடியாத பயணிகள் அவர்கள். அவர்தம் மூட்டையில் எப்பொருள் குறைகின்றது என்பதை நன்சன் கண்டார். 1922 யூலையில் ஜெனீவாவிற் கூடிய மாநாட்டில், நாடற்றோர்க்கான அடையாளப் பத்திரமொன்றை வழங்க அரசாங்கங்களை இசைவித்தார். அதுவே நன்சன் கடவுச்சீட்டு என வழங்கலாயிற்று. 1924இல் ஆர்மீனிய அகதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசாங்கங்கள் அதனை ஏற்றன. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் சகால், எழுத்தாளர் நபோக்கோவ் ஆகியோர் அதனைத் தாங்கியோருள் அடங்குவர். பெயரறியாத எளியோரோ எண்ணிலர்.

அப்பத்திரம் குறையற்றதன்று. அது குடியுரிமை தரவில்லை. தொடக்கத்தில், வழங்கிய நாட்டுக்கே திரும்பிவரும் உரிமையையும் உறுதி செய்யவில்லை. ஆர்மீனியரைக் குடியேற்ற அவர் வகுத்த திட்டம் பணமின்றி நின்றுபோயிற்று. கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் இடையே 1923இல் உடன்பாடான குடிமாற்றத்துக்கு அவர் முன்னின்றமையும், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் ஊரை இழந்தமையும் இன்றும் விவாதத்துக்குரியன. பெமிக்கனிற் கொழுப்பில்லாமற் போனது போல, பெரியோர் கணக்கிலும் குறை நேர்வதுண்டு. ஆயினும் நோபல் பரிசுப் பணத்தையும் துயர் துடைக்கும் பணிகளுக்கே அளித்த அம்மனிதரின் நோக்கத்தை எவரும் ஐயுறார்.

1930 மே 13ஆந் திகதி, தம் இல்லத்திலே நன்சன் காலமானார். அவர் பெயரால் அமைந்த அகதிகள் அலுவலகம் 1938இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றது. அகதிகளுக்குப் பணிசெய்வோர்க்கு 1954 முதல் அவர் பெயராலேயே ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் விருது வழங்கி வருகின்றது.

முன்னே சென்றவர் இல்லாத வழிக்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்வது எனத் தொடக்கத்தில் வினவினோம். ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார். உன் உடலில் முதலிற் சோதி. பிறரிடம் விட்டதை மறுபடி ஆராய். திட்டத்தை மாற்ற நாணாதே. உடன் வருவோன் வீட்டை மறவாதே. நன்சனின் வாழ்வு தரும் விடை இவ்வளவே. அவ்விடையால் அவரே பின் வந்தோர்க்கு ஆற்றுப்படை ஆயினார். பனிவெளி செல்வோர்க்கு அவர் விட்டுச் சென்றது இலேசான வண்டியும் அடுப்பும். வீடிழந்து செல்வோர்க்கு அவர் விட்டுச் சென்றது ஒற்றைத் தாள். நிறுத்துப் பார்த்தால், அத்தாளே அவர் கட்டிய பொதிகளுள் எல்லாம் எடை குறைந்தது. அதைச் சுமந்தவர்க்கோ, அதுவே உயிரைச் சுமந்தது.